தட்டாத கண்ணாடி

இலங்கையில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பங்களா வராந்தாவில், புயலை முன்கூட்டிக் காட்டும் காற்றழுத்தமானியின் பித்தளை விளிம்பு வெயிலில் மின்னுகிறது. சமையல்காரன் வேலாண்டி அதைத் துடைக்கிறான். தியத்தலாவைக்குத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போன தோட்டத் துரை, முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மணியடித்து, ஆறு பெருகுமுன் அக்கரையில் கொழுந்தெடுப்பவர்களைத் திருப்பி அழைக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் கண்ணாடியை விரலால் தட்டிவிட்டுத்தான் துரை முள்ளைப் பார்ப்பார். துரை சாமானைத் தட்டுவது மரியாதையில்லை என்று வேலாண்டி மூன்று நாளாகத் துடைப்பதோடு சரி, முள்ளும் அசையவில்லை. இப்போது அவன் முழங்கை கண்ணாடியில் இடிக்கிறது. ஒட்டிக்கிடந்த முள் துள்ளிச் சிவப்புக் கோட்டைத் தாண்டி விழுகிறது. "இந்த வெயில்ல மணியடிச்சா எல்லாருக்கும் அர நாள் சம்பளம் போயிரும், பாத்துக்க," என்கிறார் படியில் நிற்கும் கங்காணி சின்னமுத்து. "மூணு நாளா நான் தட்டலங்க," என்கிறான் வேலாண்டி. ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்கிறான். அக்கரையில், கூடையோடு நிமிரும் அவன் மனைவி மாக்காயி, எதற்கு என்று கேட்பதுபோல வெயிலைக் கைகாட்டுகிறாள். அவளுக்குப் பின்னால் கருமேகம்; காலையில் இருந்த மலையைக் காணவில்லை.