குழி இருந்த இடம்

பழைய ராணுவ முகாம் இருந்த நிலத்தில் அனல்மின் நிலையம் கட்டுவதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் அது. பேச எழுபவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது ரெஜினாவின் பொறுப்பு. நிலையத்தைக் கட்டப்போகும் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"முகாம்ல எதையும் எரிச்சதாப் பதிவே இல்லைங்க. மண்ணு சுத்தமா இருக்கு," என்றார் மேடையிலிருந்த அதிகாரி.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவளுடைய அப்பா சூசைமாணிக்கம். சிப்பாயாக இருந்தபோது அந்த முகாமில் வீணான வெடிமருந்தைக் குழியில் கொட்டி எரித்தவர். கூட நின்று எரித்தவர்கள் எல்லாரும் பின்னாளில் மூச்சு முட்டியே செத்துப்போனார்கள். "ஒன் வேலைக்கு எடஞ்சலாயிரும், நான் வரலம்மா," என்று காலையில் சொல்லியிருந்தார்.

முன்வரிசையிலிருந்த மேனேஜர் ரெஜினாவைப் பார்த்து, வேண்டாமெனத் தலையசைத்தார்.

"உக்காருங்க பெரியவரே! இப்பதான் ஊருக்கு நாலு வேல வருது," என்று ஒருவன் கத்தினான்.

அப்பா கையை இறக்கவில்லை. ரெஜினா மேனேஜர் பக்கம் திரும்பாமல் அப்பாவிடம் நடந்தாள்.

"குடுத்துட்டுப் போயிரு. பக்கத்துல நிக்காத," என்று அப்பா கிசுகிசுத்தார். வாங்கக் கை நீட்டினார். அவள் மைக்கைக் கொடுக்காமல், தானே அவர் வாயருகே பிடித்தாள். அவருடைய மூச்சிழுப்பு மட்டும் ஒலிபெருக்கிகளில் ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது. கத்தியவன் அடங்கிப்போனான்.

"பேசுங்கப்பா," என்றாள்.

அந்த ‘அப்பா’வும் மைக்கில் விழுந்தது. மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.