பஞ்சு உருண்டை பூமி

"சூரியன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை உதிக்கும்?"

"பதினாறு தடவைப்பா!"

"முட்டை மார்க்! நாளைக்கு எவ்ளோ பெரிய பரீட்சை, இப்போ போய் விளையாடுறியே பட்டன்?"

போனில் மகள் சிரித்தாள். தையல்காரரும் சிரித்தார். கையிலிருந்த அவளுடைய பழைய அறிவியல் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

எந்தப் பரீட்சையானாலும் முதல் நாள் சாயங்காலம் அவர் கேள்வி கேட்டாக வேண்டும். அவள் வீட்டில் இருந்த காலத்தில், எவ்வளவு அவசரத் துணியாக இருந்தாலும் ஓரங்கட்டிவிட்டு மெஷினை நிறுத்திவிடுவார். மெஷின் விளக்குதான் சூரியன். ஊசி குத்தி வைக்கும் பஞ்சு உருண்டை பூமி. ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டன், நிலா. அந்தப் பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு உருண்டையைச் சுற்றிச் சுற்றி வருவாள். அப்படித்தான் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

"சரி, அடுத்தது. கையில இருக்கிற பந்தை விட்டா என்ன ஆகும்?"

"அது பாட்டுக்கு அங்கேயே நிக்கும்."

"உதை வாங்குவே! கீழ விழும். புவியீர்ப்பு விசை."

"சரிங்க வாத்தியாரே."

"சந்திர கிரகணம் எப்போ வரும்?"

இந்த முறை அவள் விளையாடவில்லை. "விளக்குக்கும் பட்டனுக்கும் நடுவுல பஞ்சு உருண்டை வரும்போது. உருண்டையோட நிழல் பட்டன் மேல விழும். ஒரு தடவை எனக்கு ஊசி குத்திடுச்சே, ஞாபகம் இருக்காப்பா?"

"மறப்பேனா? பூமி குத்திடுச்சுன்னு அழுது தெருவையே கூட்டினியே!"

முதலிலிருந்தே கேட்க நினைத்ததை அவர் மெல்லக் கேட்டார்.

"நாளைக்குப் போட்டுக்கிற டிரெஸ்ஸை நல்லாப் பாத்துட்டியா? எங்கேயாவது தையல் விட்டிருக்கப் போகுது."

"ரெண்டு பேர் பாத்துட்டாங்கப்பா. ஊசி முனை அளவுகூட ஓட்டை இல்ல."

"நான் தைச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

"தெரியும்பா." அவள் குரல் இறங்கியது. "உங்களுக்குப் பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? நீ பாஸாகாம வேற யாரு பாஸாகப் போறா?" என்றார்.

மொட்டை மாடியிலிருந்து மனைவி கத்தினாள். "கேள்வி கேட்டது போதும், மேல வாங்க! இப்போ வந்துடப் போறா!"

போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியேறினார். அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. மேற்கே, வெள்ளைச் சட்டைப் பட்டன் போல ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் எழும்பி, அவர்கள் தலைக்கு மேல் நகர்ந்து வந்தது.

"அப்பா, ஜன்னல்கிட்டதான் நிக்கிறேன். கையாட்டுறேன், தெரியுதா?"

"நல்லாத் தெரியுதும்மா" என்று பொய் சொல்லிவிட்டு, நாளைக்கு விண்வெளி நிலையத்தின் கதவைத் திறந்து வெளியே இறங்கப்போகும் மகளுக்குத் தையல்காரர் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினார்.