கிருஷ்ணம்மாவின் அட்டைப் பயம்

வீலென்று எழுந்த அலறலில் மாத்தளைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. மனோவசிய நிபுணர் குணசிங்கத்தின் காலில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடந்தது. அதை ரத்தம் உறிஞ்சும் அட்டை என்று நினைத்துக் கிருஷ்ணம்மா அவருடைய அறை நாற்காலி மேல் ஏறிவிட்டாள்.

"அட்டைக்குப் பயந்தா தேயிலைக் கொழுந்து பறிக்க முடியுமா?" என்று அவர் இளித்தார்.

"அதாங்கய்யா வந்தேன். மலைக்கு ஏறலைன்னா வேலையிலருந்து பேர வெட்டிருவேன்னு கங்காணி சொல்லிட்டாரு. புள்ளைங்க பட்டினி கெடக்கும்."

குணசிங்கத்தின் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கலேவெல கார்னிவலில் ஆட்களைத் தூங்கவைத்துச் சேவல் மாதிரிக் கூவ விட்டவர். தபாலில் ஒரு பட்டம் வந்து சேர்ந்ததும் புரொபசர் ஆகிவிட்டார். எந்தப் பயத்துக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். நோயாளியின் கண்முன் சங்கிலிக் கடிகாரத்தை ஆட்டுவார். கண் சொருகியதும், "உன் பயத்தை என்னிடம் கொடுத்துவிடு" என்பார். அதுவரை யாரும் எதையும் கொடுத்ததில்லை.

கிருஷ்ணம்மா வெகுளி. தூக்கத்திலேயே இரண்டு கைகளையும் குவித்து, எதையோ மரியாதையாக நீட்டினாள். அவர் கொட்டாவி விட்டபடி அதை வாங்குவதுபோல் நடித்தார்.

அவள் கண் விழித்தபோது அவருடைய வெள்ளைக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே சிவந்து நனைந்திருந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையை உரித்தார். ரத்தம் வழிந்ததே தவிர, காலில் ஒன்றுமே இல்லை. புரொபசர் நாற்காலி மேல் ஏறி அலறினார்.

கிருஷ்ணம்மா குனிந்து அந்தக் காலை நிதானமாகப் பார்த்தாள்.

"பயப்படாதீங்கய்யா, வயிறு நெறஞ்சா அதுங்களே விழுந்துரும்."