பூ எடுக்கும்வரை

"வண்டிய நிறுத்து!"

டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றாள் சின்னப்பொண்ணு. நெடுமாறன் பிரேக்கை மிதித்தான். பின்னால் பைக்கில் வந்த அய்யப்பன் இறங்கி ஓடி வந்தான்.

"யக்கா, உன் குத்தகை ஆடியோட முடிஞ்சிபோச்சு. இன்னைக்கி ஆவணி மூணு. இனிமே இங்க பயிர் வைக்கறவன் நான்."

"யாரு இல்லன்னா? எட்டு நாள் பொறு தம்பி. இன்னும் பூ எடுக்கல."

ஒரு ஏக்கர் முழுக்க இடுப்பளவுப் பச்சை. தக்கைப்பூண்டு, சணப்பு, உளுந்து, கொள்ளு, கம்பு, எள், ஆமணக்கு என்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தது.

"பதினாலு வகை" என்றாள்.

"காடு மாதிரி போட்டு வச்சிட்டு பெருமை வேறயா? என் நாத்துக்கு இருவது நாள் ஆவுது. முத்திப்போச்சுன்னா?"

"எட்டு நாள்ல முத்தாது. நடவுக்கு ஆள் கொறைஞ்சா என்னயும் கூப்பிடு, வரேன்."

அய்யப்பன் போனை எடுத்தான். நிலத்துக்காரர் இராமதாஸ் டவுனில், சாரம் பகுதியில் இருக்கிறார். அவனுக்கு மாமா முறை. "எட்டு நாள்தான மாப்ள, குடுத்துடு" என்று வைத்துவிட்டார்.

நெடுமாறன் வண்டியைத் திருப்பினான்.

"பூ எடுக்கணும்னு சொல்லுது. அப்புறம் காய் புடிக்கணும்னு சொல்லும். அப்புறம் பறிக்கணும்னு சொல்லும். இல்லண்ணே?"

"பறிக்காம போவாளா? வில்லியனூர்ல நிலத்த வுட்டப்போ நான் வரப்புப் புல்லக்கூட அறுத்துக்கிட்டுதான் வந்தேன்."

மறுநாளிலிருந்து அய்யப்பன் காலையும் மாலையும் வந்து மதகின் மேல் உட்கார்ந்தான்.

"காவலா தம்பி?" என்றாள் சின்னப்பொண்ணு. "சும்மாதான உக்காந்திருக்க. மாடு வந்தா ஓட்டு."

ஆறாம் நாள் சணப்பு மஞ்சளாகப் பூத்தது. எட்டாம் நாள் காலையில் அவளே போன் செய்தாள்.

"வண்டியக் கூட்டிக்கிட்டு வா."

வந்து பார்த்தான். ஒரு கிளைகூட ஒடிபடவில்லை.

"ஒண்ணும் எடுத்துக்கலியா?"

"எடுக்கறதுக்கா போட்டேன்? பூவுல மடக்கி உழுதாதான் மண்ணுல மக்கும். காய் புடிச்சா தண்டு நாராயிடும். அதுக்குதான் எட்டு நாள் கேட்டேன்."

அய்யப்பனுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"நெலம் கைமாறும்னு தெரியாம வெதைச்சிட்ட. பாவம்தான் யக்கா."

"ஏன் தெரியாது? ஆனி பொறந்த அன்னைக்கே ஐயா சொல்லிட்டாரு. இத வெதைச்சது ஆனி இருவத்தஞ்சுல."

"தெரிஞ்சுமா?"

"அஞ்சு வருஷம் நெல்லு எடுத்தாச்சு. சும்மா வுட்டுட்டுப் போனா இறுகிடும். நீயும் மூட்ட மூட்டயா உரத்தக் கொட்டுவ." புடவையை உதறிக்கொண்டாள். "பஸ்ஸு போயிடும், நான் வரேன்."

ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. அன்றுதான் முதல் நாள்.

டிராக்டர் இறங்கியது. செடிகள் மடங்கி மண்ணுக்குள் போயின. நாலு சுற்று ஓட்டிவிட்டு நெடுமாறன் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, அந்தக்கா வந்த வருஷம் நான்தான் இங்க ஓட்டினேன். கலப்பைக் கொழு ரெண்டு வளைஞ்சிபோச்சு. இப்ப பாரு."

அய்யப்பன் ஒரு கை மண் அள்ளினான். அழுத்தாமலே உதிர்ந்தது. உள்ளே இரண்டு மண்புழுக்கள் நெளிந்தன. திரும்பக் கீழே விட்டான்.

வடக்கு மூலைக்கு வந்ததும் வண்டி நின்றது.

"இத என்ன பண்றது?"

வரப்பை ஒட்டி ஒரே வரிசையில் பதினாலு செடிகள், வகைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, கிழித்த புடவைத் துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தது.

"வெதைக்கு வுட்டிருக்குது" என்றான் நெடுமாறன். "ஆனா வெதைய வச்சிக்கிட்டு அது என்ன பண்ணும்? அதுக்குதான் இனிமே நெலமே இல்லியே."

அய்யப்பன் அந்த வரிசையை ஒட்டி நடந்து போனான்.

"சரி, மூலைய வுட்டுட்டு ஓட்டறேன்" என்று நெடுமாறன் வண்டியைத் திருப்பினான்.

கடைசியில் நின்ற கம்பஞ்செடியில் முடிச்சு தளர்ந்து துணி காற்றில் ஆடியது. அய்யப்பன் குனிந்து, குச்சியை இன்னும் ஒரு விரல் ஆழம் அழுத்தி, அதை இறுக்கிக் கட்டினான்.