பண்ணையார் காரில் ஆறு வோட்டு

வோட்டு முடிய ஒன்றரை மணி நேரமே இருந்தது. சாவடிக்கு எட்டு மைல். தேர்தலில் நிற்கிற பண்ணையாரின் கார் பூதலிங்கத்தின் ஒர்க் ஷாப் முன்னால் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே நாற்று நடுகிற பெண்கள் ஆறு பேர்.

"மூணாவது பெல்ட்டும் தெறிச்சிட்டு வே!" டிரைவர் கிருஷ்ணமணி அலறினான். "நான் எதிர்க்கட்சி ஆளுன்னு பாக்காதேயும். இந்த ஆறு வோட்டும் போச்சுன்னா பண்ணையாரு என்னைக் கொன்னுருவாரு."

"வண்டியை ஸ்டார்ட் பண்ணும்" என்றான் பூதலிங்கம்.

குனிந்து பார்த்தான். "பெல்ட்டு என்னவே செய்யும்? அது ஓடுத சக்கரம், கிராங்க் புல்லி, வெடிச்சு ஆடுகு. சவத்தை மாத்தணும்."

ரேடியேட்டரை இறக்கினான். மூலையில் கிடந்த பழைய எஞ்சினிலிருந்து நல்ல புல்லியையும் பெல்ட்டையும் கழற்றி வந்து மாட்டினான். சூட்டில் முழங்கை பொசுங்கியது, விடவில்லை. ஒரு மணி நேரத்தில் பெல்ட் அலுங்காமல் ஓடியது.

"கட்சி வேறன்னாலும் நீரு மனுசன்வே!" கிருஷ்ணமணிக்குக் கண் கலங்கியது.

"பேசாம ஓட்டும், நேரமாச்சு!"

கார் பறந்தது. தம்பி அய்யம்பெருமாள் குதித்தான். "கிறுக்கு பிடிச்சிருக்கா அண்ணே? அந்தப் பண்ணையாருக்கு ஆறு வோட்டு!"

பூதலிங்கம் கையைத் துடைத்தபடி சிரித்தான்.

"ஏலே, அந்த ஆறு பேரையும் பண்ணையார் கார்ல ஏறச் சொன்னதே நான்தான். நம்ம பெட்டியில வோட்டுப் போட ஆளு இருக்கு. கூட்டிட்டுப் போக நம்மகிட்ட காரு ஏதுலே?"