டி டிரைவ் அவருடையது

இடமில்லை என்றது கம்ப்யூட்டர்.

காலையிலிருந்து வரைந்த பூசணிக்கொடியைச் சேமிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னது. சொன்ன கையோடு உறைந்தும் போனது. அணைத்துப் போட்டதில் கொடியும் போயிற்று.

அந்தக் கொடி போவது இது இரண்டாம் முறை.

அசலை அவளேதான் அழித்தாள், போன ஆடியில். மொட்டை மாடித் தொட்டியில் படர்ந்ததைப் பார்த்து அவளே வரைந்தது. எம்பிராய்டரி மெஷினில் ஏற்றி ஒரு கல்யாண ரவிக்கையில் ஓடவிட்டபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இப்போது அந்த மணப்பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம். அக்காவுக்குப் போட்ட அதே கொடிதான் வேண்டுமாம். நாளை காலை துணி மெஷினில் ஏறியாக வேண்டும்.

ஆறு வருடமாக இதே பிழைப்பு. புது டிசைன் ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று வெளியே போகும். வெள்ளிக்கிழமை வீட்டைத் துடைத்த கையோடு சி டிரைவையும் துடைப்பாள். அன்னம் போனது. தாழம்பூ போனது. பத்து நாள் கண் எரிய வரைந்த கோபுர வரிசை போனது.

இடம் நிரம்பிவிட்டது என்று காட்டும் சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை.

பக்கத்திலேயே டி டிரைவ் இருந்தது. சியைப் போல நாலு மடங்கு.

அது கணவனுடையது.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துவிட்டான். பாத்திரக்கடைக் குடும்பம். பாகம் பிரிக்காமல் எதையும் வாசற்படி தாண்டவிட மாட்டார்கள். "சி உனக்கு, டி எனக்கு. அதுல முக்கியமானதெல்லாம் இருக்கு. கை வச்சிராத." டிரைவுக்கு 'முக்கியம்' என்று பெயரும் வைத்தான்.

அவள் கை வைக்கவில்லை. மவுஸ் தப்பி அந்தப் பக்கம் போனால்கூட வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள்.

"சியை நீட்டணும்னா பக்கத்துச் சுவரை இடிக்கணும்மா," என்றார் அவள் கூப்பிட்டு வந்த மெக்கானிக் ஷாகுல் பாய். "டியை அழிச்சாத்தான் இது நீளும். உள்ள இருக்கிற சட்டிபானையை முதல்ல வெளிய எடுத்து வச்சிரணும். எவ்வளவு இருக்கும்?"

"நிறைய இருக்கும் பாய். எல்லாம் முக்கியமானது."

கடைக்குப் போன் போட்டாள்.

"எடுத்த மாதிரியே திருப்பி வைக்கச் சொல்லு. ஒண்ணு குறையக் கூடாது," என்று வைத்துவிட்டான் கணவன்.

பாய் பையிலிருந்து பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்து மாட்டினார். டியைத் திறந்தார்.

வெள்ளை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறைத்து வைத்ததையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் வெள்ளை.

"ஏம்மா, குடியே வராத வீட்டுக்கா இத்தனை காவல்?"

அவளுக்குக் காது மடல் சுட்டது.

நாலு சினிமாவாவது இருந்திருக்கலாம். பார்க்கக் கூடாத சினிமாவாக இருந்திருந்தால்கூட ஆத்திரம் பாதியாகியிருக்கும். அதற்காகவாவது அன்னம் போனது என்றிருக்கும்.

ஒன்றுமே இல்லை. ஒரு போட்டோ இல்லை.

இந்த ஒன்றுமில்லாததற்கு இடம் விட்டு விட்டு, ஆறு வருடமாகத் தன் கையாலேயே...

"மொத்தத்தையும் இதோட சேத்துரவா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். அவருக்கும் கொஞ்சம் விடுங்க."

"எவ்வளவு?"

"இதுக்குக் கீழ முடியாதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும்ல? அவ்வளவு."

"பேரு?"

"அதே பேரு."

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"என்னுது குறையலையே?"

"எண்ணித்தாங்க எடுத்தோம். எண்ணித்தான் வச்சோம். ஒண்ணுகூடக் குறையல."

பாய்க்குத் திடீரென்று இருமல் வந்தது.

திரையில் 'முக்கியம்' இருந்தது. கணவன் தலையாட்டினான். திறந்து பார்க்கவில்லை. கை கழுவப் போனான்.

பாய் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் இலையை வரைந்தாள். டிஸ்க்கில் இடம் போதாதென்று பயந்து ரவிக்கைக் கழுத்தோடு நிறுத்திய கொடி அது. இந்தத் தடவை முதுகுப் பக்கம் திருப்பினாள்.

"சோறு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொடி அப்போதுதான் தோளைத் தாண்டிக்கொண்டிருந்தது.