பானட்டின் சூடு

டீசல் காரில் புகை சென்சார் விளக்கு மறுபடியும் எரிந்தது. சென்சாரை மாற்றியும் பலனில்லை. “பைபாஸ்ல அரைமணி நேரம் விரட்டுங்க சார், உள்ள இருக்கிற கரி எரிஞ்சு விளக்கு அணைஞ்சிடும்” என்று மெக்கானிக் சொன்னதிலிருந்து, அது எரியும்போதெல்லாம் ஜெயசீலன் தனியாகக் கிளம்பிவிடுவான். மனைவி எஸ்தர் “நானும் வர்றேங்க” என்றால், “உனக்கெதுக்கு அலைச்சல்?” என்பான். அன்று மாலை அவன் திரும்பியதும் எஸ்தர் பானட்டில் கைவைத்துப் பார்த்தாள். விரட்டிய வண்டியின் சூடு இல்லை. “அணைஞ்சிடுச்சு” என்றான், அவள் கையையே பார்த்தபடி.

மறுநாள் காலையில் விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை சாவியை எஸ்தர் எடுத்துக்கொண்டாள். பைபாஸில் அரைமணி நேரத்திலேயே அது அணைந்துவிட்டது. அவள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேட்டருகே நின்றிருந்த ஜெயசீலன் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். சூடு இல்லை. கையை எடுக்கவில்லை.